எடுக்காத கடனுக்கு ஒரு கடிதம்: பெயரை மீட்பதும் அடையாளத்தைக் காப்பதும்

நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் 31 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். போன கிழமை வீட்டுக்கு ஒரு லீசிங் கம்பனியின் கடிதம் வந்ததாம். அவர் பெயரில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு 5 தவணை நிலுவை, 14 நாளில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று இருக்கிறது. அவர் மோட்டார் சைக்கிள் எடுக்கவே இல்லை, ஓட்டவும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னர் வேலை தேடிய நேரத்தில் ஓர் இடைத்தரகரிடம் ஐசி (தேசிய அடையாள அட்டை) கொப்பி, மின்சார பில், இரண்டு போட்டோ கொடுத்திருக்கிறார். நிரப்பாத படிவம் ஒன்றில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது என்ன செய்வது, இனிமேல் எப்படிப் பாதுகாப்பது, அம்மாவிடம் சொல்லலாமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

மகள், நான் 27 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில், திருகோணமலையிலும் மூதூரிலும். உங்களைப் போலக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதிலிருந்து வெளியே வர முடியும். நாள் எடுக்கும், கடிதங்கள் எழுத வேண்டும், சில கதவுகளை இரண்டு மூன்று தடவை தட்ட வேண்டும். ஆனால் வர முடியும்.

எல்லாவற்றுக்கும் முதல் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "இந்த மாதத் தவணையை மட்டும் கட்டுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று போனில் மிக அன்பாகச் சொல்வார்கள். தொல்லை தீரட்டும் என்று கட்டினால், அந்தக் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள அது இடம் கொடுக்கும். பிறகு "நான் எடுக்கவில்லை" என்று சொல்லும்போது "அப்போ ஏன் கட்டினீர்கள்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். அதேபோல, அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தவணையைத் தள்ளிப்போடும் கோரிக்கை என்று சொல்வார்கள். அதுவும் கடனை ஏற்றுக்கொள்வதுதான்.

அடுத்தது, கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். பயமுறுத்திக் காசு பறிப்பதற்கே போலிக் கடிதம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. கம்பனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் கிளைக்கு நேரில் போங்கள். தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஒப்பந்த இலக்கம் உங்களுடையதா? ஆம் என்றால் அங்கேயே விவாதத்தில் இறங்காமல் வெளியே வந்துவிடுங்கள். மிச்சமெல்லாம் எழுத்தில் நடக்கட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இப்படியான விஷயத்தில் வாயால் பேசியது எதுவும் மிஞ்சுவதில்லை. இன்றைக்குப் பேசிய அதிகாரி அடுத்த மாதம் வேறு கிளைக்குப் போயிருப்பார். "பார்க்கிறோம் மிஸ், கவலைப்படாதீங்க" என்று அவர் மனமாரச் சொல்லியிருக்கலாம், ஆனால் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. ஆகவே எழுதுவதற்கு ஒரு கொப்பிப் புத்தகம் வாங்குங்கள். யாரோடு, எத்தனையாம் திகதி, எத்தனை மணிக்கு, என்ன பேசினீர்கள் என்று அதில் எழுதி வையுங்கள். போன் அழைப்பு வந்தால் "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வையுங்கள்.

முதலில் பொலிஸ். நீங்கள் இருக்கும் இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். உப்புவெளிப் பக்கம் என்றால் உப்புவெளிப் பொலிஸ். உங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து கடன் பெறப்பட்டிருக்கிறது, போலிக் கையெழுத்து இடப்பட்டிருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் போலி ஆவணம் தயாரிப்பதும் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றங்கள். "இது உங்களுக்கும் கம்பனிக்கும் இடையிலுள்ள பிரச்சினை" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், குற்றம் நடந்திருப்பதாகத்தான் முறையிடுகிறேன் என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்கள் வாக்குமூலம் தமிழில் பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, வடக்கு கிழக்கில் நிருவாக மொழியும்கூட. சிங்களத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொன்னால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அதை வரி வரியாக வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். "எனக்குத் தெரியாமல் என் ஐசி கொப்பி பயன்பட்டிருக்கிறது" என்று ஒருவர் சொன்னது, "நான் என் ஐசியைக் கொடுத்தேன்" என்று பதிவானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியைத் திருத்த அந்த மனிதர் பல மாதம் அலைந்தார்.

முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு, அதன் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றியும் அதே முறைப்பாட்டில் சொல்ல மறக்க வேண்டாம். லீசிங்கில் எடுக்கும் வாகனத்துக்கு, வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனி முழு உரிமையாளராகவும் எடுத்தவர் பதிவு செய்த உரிமையாளராகவும் இருப்பார்கள். அதாவது யாரோ ஒருவர் ஓட்டித் திரியும் வாகனம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கக்கூடும். அது விபத்தில் மாட்டினாலோ வேறு குற்றத்தில் பிடிபட்டாலோ உங்களைத்தான் தேடி வருவார்கள். அப்படி நடக்கும் முன்னரே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அந்த முறைப்பாடுதான் சாட்சி.

அப்புறம் கம்பனிக்குக் கடிதம். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். கடிதத்தில் கதை எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்ட லீசிங் வசதிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அந்த வாகனத்தைப் பெறவும் இல்லை. என் அடையாள விவரங்களை வேறொருவர் என் அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறார். இது பற்றிப் பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளேன், பிரதி இணைக்கப்பட்டுள்ளது. விண்ணப்பம், ஒப்பந்தம், அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், பிணையாளிகளின் விவரம், வாகனம் ஒப்படைக்கப்பட்டதற்கான கையொப்பம் ஆகியவற்றின் பிரதிகளை எனக்குத் தாருங்கள். விசாரணை முடியும்வரை அறவிடும் நடவடிக்கைகளை நிறுத்தி வையுங்கள்."

இதில் மிக முக்கியமானது அந்தப் பிரதிகளைக் கேட்பது. அவை கையில் வந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தத் தொலைபேசி இலக்கம் கொடுத்திருக்கிறார்கள்? பிணையாளிகள் யார்? யாருடைய கொமிஷனில், எந்த வாகன விற்பனை நிலையம் ஊடாக வந்த விண்ணப்பம்? கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கள்ளனின் அடையாளம் பெரும்பாலும் பிணையாளி இருக்கும் பக்கத்திலும் போன் இலக்கத்திலும்தான் இருக்கும். உங்கள் பெயரைப் போட்டவன் தன்னுடைய இலக்கத்தைத்தான் போட்டிருப்பான். இல்லாவிட்டால் கம்பனியின் அழைப்பு உங்களுக்கே வந்திருக்குமே.

ஒப்பந்தத்தின் திகதி தெரிந்ததும் அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தேடுங்கள். ஹோட்டலில் கைரேகை இயந்திரமோ வரவுப் பதிவேடோ இருக்கும். அன்று உங்களுக்கு வேலை நாள் என்றால் அந்தப் பக்கத்தின் பிரதியை முகாமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் நீங்கள் வங்கியிலோ வேறு அலுவலகத்திலோ வைத்த கையெழுத்துகளையும் சேருங்கள். வழக்கு என்று போனால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒப்பிட உங்கள் உண்மையான கையெழுத்து வேண்டும்.

நீங்கள் போட்டுக் கொடுத்த அந்த நிரப்பாத படிவத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் அது பின்னால் வந்து காலைப் பிடிக்கும். எந்த மாதம், யாரிடம், என்ன வேலைக்கென்று கொடுத்தீர்கள் என்று நினைவில் உள்ளபடி பொலிஸிலும் சொல்லுங்கள். வேலைக்கென்று ஏமாற்றி வாங்கிய கையெழுத்தைக் கடனுக்குப் பயன்படுத்தியது அவர்கள் செய்த குற்றம். அவமானப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

மூன்றாவது, கிரிப் அறிக்கை. கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கைக் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகளும் லீசிங், நிதிக் கம்பனிகளும் யாருக்கு என்ன கடன் கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்ற விவரத்தை அங்கே அனுப்புவார்கள். "கிரிப்பில் பெயர் அடிபட்டுவிட்டது" என்று ஊரில் சொல்வார்கள், ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி. அப்படிப் பட்டியல் எதுவும் அங்கே இல்லை. அது ஒரு பதிவேடு, அவ்வளவுதான். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே வாங்கலாம். உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள், பணியகத்திலிருந்து நேரடியாகவும் பெறலாம். வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: உங்கள் பெயரில் உள்ள கடன்கள், நீங்கள் பிணை நின்றதாக உள்ள கடன்கள், எந்தெந்த நிறுவனங்கள் உங்களைப் பற்றி விசாரித்திருக்கின்றன என்ற பகுதி. கடைசிப் பகுதியைப் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் போகாத கம்பனி ஒன்று உங்களைப் பற்றி விசாரித்திருந்தால், அங்கேயும் யாரோ உங்கள் பெயரில் கடன் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிழையான பதிவுக்கு எதிராகப் பணியகத்திடம் முறையிடலாம். பதிவைத் திருத்த வேண்டியது கடன் கொடுத்த நிறுவனம்தான், ஆகவே பொலிஸ் முறைப்பாடும் பதிவுத் தபால் ரசீதும் அங்கேயும் உதவும்.

இதோடு ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. உங்களுடையது பழைய ஐசி என்றால் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் 12 இலக்கம் கொடுக்கிறார்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 போட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். இரண்டும் ஒரே ஆள். கள்ளன் எந்த வடிவத்தில் கொடுத்தானோ தெரியாது. கிரிப் அறிக்கை கேட்கும்போது இரண்டு வடிவத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

நான்காவது, சிம். உங்கள் போனில் #132# என்று அடித்துப் பாருங்கள். உங்கள் ஐசியில் எத்தனை சிம் பதிவாகியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்ன வழி இது. தெரியாத இலக்கம் இருந்தால் அந்தந்தக் கம்பனியின் சேவை நிலையத்துக்கு ஐசியோடு போய், இது என்னுடையது இல்லை, நீக்குங்கள் என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் ஆணைக்குழுவின் 1900க்கு அழையுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் பெயரில் உள்ள சிம்மிலிருந்து யாராவது மிரட்டினாலும் ஏமாற்றினாலும் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

கம்பனி பதில் தராமல் இழுத்தடித்தால், அல்லது "எங்கள் கோப்பு சரி" என்று ஒரு வரியில் முடித்தால், மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். இலக்கம் 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா? அதனால்தான் பதிவுத் தபாலைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

நீதிமன்றத்திலிருந்து ஏதாவது வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கடன் மீட்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் என்று 1990இல் ஒன்று வந்தது. அதன் கீழ் போடும் வழக்கில் நீதிமன்றம் முதலிலேயே இடைக்காலத் தீர்ப்பு ஒன்றைத் தந்துவிடும். குறித்த நாளில் நீங்கள் போய், சத்தியக்கடதாசி கொடுத்து, எதிர்த்து வாதிட அனுமதி கேட்க வேண்டும். போகாவிட்டால் அந்தத் தீர்ப்பே உறுதியாகிவிடும். "நான்தான் எடுக்கவில்லையே, நான் ஏன் போக வேண்டும்" என்று வீட்டில் இருந்து கெட்டவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் மூன்று கடன் பணியகங்களுக்கு அழைத்து உங்கள் பெயரில் கடன் வழங்குவதை முடக்கிவிடுங்கள் என்று வரும். அது அமெரிக்காவுக்குரியது. அங்கே எக்விபெக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று இருக்கின்றன, 2018 முதல் அந்த முடக்கத்தை இலவசமாகவே செய்து கொடுக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. நமக்குரிய வழி மேலே சொன்னதுதான்.

சரி, இனிமேல் எப்படிக் காப்பது?

நம் ஊரில் களவு பெரும்பாலும் கணினிக்குள் நுழைந்து நடப்பதில்லை. போட்டோக்கொப்பி வழியாகத்தான் நடக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்தபோதும் 2004 சுனாமியிலும் ஐசி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எல்லாவற்றையும் இழந்து, ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்று "நான் இன்னார்தான்" என்று நிரூபித்த சனம் நாங்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பத்துக் கொப்பி அடித்து, சொந்தக்காரர் வீட்டில் இரண்டு, பையில் இரண்டு என்று வைப்பது பழக்கமாகிவிட்டது. நிவாரணப் பட்டியல், சங்கப் பட்டியல், பயிற்சி வகுப்பு என்று யார் கேட்டாலும் ஒரு கொப்பியை எடுத்து நீட்டுவோம். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கொப்பி கொடுக்கும் விதத்தை மாற்றலாம்.

கொப்பியின் குறுக்கே, அட்டையின் படத்தின் மேலேயே, பேனையால் எழுதுங்கள்: "சிம் பெறுவதற்கு மட்டும்", திகதி, எந்த நிறுவனம் என்ற பெயர், கீழே சிறிய கையெழுத்து. எழுத்து இலக்கத்தின் மேலும் முகத்தின் ஓரத்திலும் கொஞ்சம் படட்டும், வாசிக்க முடிந்தால் போதும். ஒரு தேவைக்குக் கொடுத்த கொப்பி இன்னொரு தேவைக்கு ஓடாது. ஓடினாலும் எங்கிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் இடைத்தரகருக்குக் கொடுத்த கொப்பியில் "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று இருந்திருந்தால் அந்த லீசிங் கோப்பு முதல் மேசையைத் தாண்டியிருக்காது.

கொமினிகேஷன் கடையில் கொப்பி அடிக்கும்போது பிழையாக விழுந்த தாளையும் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால் உங்கள் படம் அந்தக் கடையின் போனிலோ கணினியிலோ கிடக்கும். கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அந்தக் கணினியைத் தொடுகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லையே. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் வெளிநாட்டு விருந்தினரின் பாஸ்போர்ட்டை உங்கள் சொந்தப் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள் மகள். உங்களுக்கு நடந்தது அவர்களில் ஒருவருக்கு உங்கள் போன் வழியாக நடந்துவிடக் கூடாது.

ஐசி இலக்கத்தையே இரகசியம் மாதிரிப் பாருங்கள். அதில் உங்கள் பிறந்த நாள் இருக்கிறது. ஆண்டு முதலில், அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 840 என்று இருந்தால் 340ஆவது நாளில் பிறந்த பெண். ஆகவே இலக்கம் தெரிந்தவருக்குப் பிறந்த திகதியும் தெரியும். வங்கியில் போன் வழியே கேட்கும் இரண்டு கேள்விக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். அந்தத் திகதியை ஏடிஎம் இரகசிய இலக்கமாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஐசி தொலைந்து புதியது எடுத்தாலும் உங்கள் இலக்கம் மாறாது. அதனால் தொலைந்த அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். புதிய அட்டைக்குக் கிராம சேவகர் (ஜீ.எஸ்.) ஊடாக விண்ணப்பிக்கும்போதும் அந்த முறைப்பாட்டைக் கேட்பார்கள். பிறகு யாராவது தொலைந்த அட்டையைப் பயன்படுத்தினால் திகதியைக் காட்டி நிற்கவும் அதுதான் ஆதாரம்.

வெளிநாட்டு வேலை என்று யாராவது பாஸ்போர்ட் கொப்பி கேட்டால், முகவர் நிலையத்தின் அனுமதிப் பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து விசாரித்த பிறகு கொடுங்கள். நிரப்பாத படிவத்தில் இனி யார் கேட்டாலும் கையெழுத்து இல்லை.

சிம் விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி கட்டாருக்குப் போனபோது இங்குள்ள சிம்மை ரீலோட் போடாமல் விட்டுவிட்டான். கொஞ்ச நாளில் அந்த இலக்கம் செயலிழந்து, பிறகு வேறொருவருக்குப் போய்விட்டது. அவனுடைய வங்கிக் கணக்கில் இருந்ததோ அந்தப் பழைய இலக்கம். ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் நேர்மையானவர், எங்களுக்குத் தகவல் சொன்னார். நிறையக் குடும்பங்களில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இது எவருக்கும் நடக்கலாம். இலக்கத்தைக் கைவிடும் முன்னர் வங்கி, மின்னஞ்சல், வட்ஸ்அப், பேஸ்புக் என்று எல்லா இடத்திலும் புதிய இலக்கத்தைக் கொடுங்கள். போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பனியில் சிக்னல் இருந்தால், யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் எடுத்திருக்கலாம். உடனே இன்னொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள், பிறகு சிம் கம்பனி. இந்த வரிசை முக்கியம்.

வட்ஸ்அப் பற்றிச் சுருக்கமாக. தெரிந்தவர் பெயரில் "உங்களுக்கு 6 இலக்கம் ஒன்று வந்திருக்கும், பிழையாக அனுப்பிவிட்டேன், அதைச் சொல்லுங்கள்" என்று வந்தால் அது உங்கள் கணக்கைத் திறக்கும் சாவி. கொடுத்துவிட்டீர்கள் என்றால் உங்கள் பெயரில் எல்லாரிடமும் காசு கேட்பார்கள். கனடா மாமா உடனே அனுப்பியும் விடுவார். மீட்க, உங்கள் இலக்கத்தைக் கொண்டு மறுபடி உள்ளே நுழையுங்கள். குறியீட்டைப் போட்டவுடன் அவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். அதற்கிடையில் அவர்கள் தங்கள் பின் (PIN) இலக்கம் ஒன்றை வைத்திருந்தால், உங்கள் கணக்குக்குள் வர 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அவர்களாலும் அதைப் பயன்படுத்த முடியாது. இதையெல்லாம் தவிர்க்க, அமைப்புகளில் இருகட்டச் சரிபார்ப்பை இப்போதே போட்டு, நீங்களே ஒரு பின் இலக்கம் வையுங்கள். மின்னஞ்சலுக்கும் அதையே செய்யுங்கள். மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றும் வழி மின்னஞ்சலில்தான் இருக்கிறது. சமூக வலைத்தளக் கணக்கு போய்விட்டால் இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு மன்றத்தின் 101க்கு அழைக்கலாம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று வரும் குறுஞ்செய்தி, வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசை சுங்கத்தில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்ற அழைப்பு, இரண்டும் பொய். சுங்கம் யாருடைய தனிப்பட்ட கணக்கிலும் காசு போடச் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் இதில் தெரியாமல் விழுகிறார்கள். "உங்கள் கணக்கைக் கொஞ்ச நாள் தாருங்கள், வரும் காசை எடுத்துக் கொடுத்தால் கொமிஷன் தருகிறோம்" என்று கேட்பார்கள். அது வேறு யாரையோ ஏமாற்றி எடுத்த காசு. பொலிஸ் பின்தொடர்ந்து வரும்போது முதல் கிடைக்கும் பெயர் கணக்குக்காரருடையது. பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம். உங்கள் ஹோட்டலில் வேலை செய்யும் தம்பிமாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, அம்மா. இன்றைக்கு இரவே சொல்லிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில்தான் அறவிட வருகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒன்றும் தெரியாத அம்மா மானத்துக்குப் பயந்து கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் காப்பை அடகு வைத்துவிடுவார், நீட்டிய தாளில் கையெழுத்தும் வைத்துவிடுவார். இந்த மூன்றையும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிறவரின் பெயரையும் கம்பனி அட்டையையும் கேட்டு எழுதி வைத்துவிட்டு, "மகள் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறாள், கடிதத்தில் பேசுங்கள்" என்று மட்டும் அவர் சொன்னால் போதும். முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாளைக்கு வேலைக்குப் போங்கள்.